உட்காராத மாப்பிள்ளை

சைக்கிளில் உட்காராமலே மலை இறங்கும் மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் நான் பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொரு சைக்கிளில் போனேன். போதும் போதும் என்றாகிவிட்டது.

மொரீசியஸ் என்றாலே உங்களுக்கெல்லாம் கடற்கரைதான். தமிழ் சொல்லிக்கொடுக்க இங்கே வந்த எனக்கோ பிடித்தது மலைச் சாலை. கியூர்பிப் ஊரைத் தாண்டிவிட்டால் மூடுபனியும் தேயிலைத் தோட்டமும். அதற்கப்புறம் கடல்வரைக்கும் கரும்பு. வெட்டு முடிந்துவிட்டதால் ஜனவரியில் கரும்பு லாரிகூட வராது. ஈ, காக்கை கிடையாது. ஊர் வாயிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல சாலை உண்டா? அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறுதோறும் என்னோடு சைக்கிளில் வருகிறவன் வேலாயுதம். ரோஸ் ஹில்லில் என் பக்கத்து வீடு. போர்ட் லூயிஸில் அரசாங்க குமாஸ்தா. சுதந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று தீவே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருக்கிறது. வேலாயுதமோ இருக்கிற சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கத் தவியாய்த் தவித்தான். செமின் கிரனியே என்ற தெற்கத்திக் கிராமத்தில் முத்தையா சர்தார் மகள் பார்வதியைக் கட்டிக்கொள்ள ஆசை. பார்வதிக்கும் சம்மதம். சர்தாருக்கு?

சர்தார் என்றால் கரும்புத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிறவர். வீட்டிலும் அதே வேலைதான். "டவுன் பையன். மீன் இல்லாம ஒரு நாள் இருப்பானா? எங்க கோவில்ல விரதம் இருந்து கவாடி தூக்கட்டும். அப்புறம் பேசுவம்" என்று சொல்லிவிட்டார்.

நம் ஊர்க் காவடிதான் இங்கே கவாடி. தைப்பூசக் கவாடி இங்கே விளையாட்டில்லை. கொடியேற்றின நாளிலிருந்து மாமிசம் கிடையாது, பொய் கிடையாது, தோல் பொருளைத் தொடக் கூடாது. வேலாயுதம் எல்லாவற்றையும் விட்டான். விட்டதை என்னிடம் சொல்வதை மட்டும் விடவில்லை.

கவாடிக்கு முந்தின ஞாயிறு, சர்தார் ஊர்க் கோவிலில் மதிய அபிஷேகத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் உபதேசம். கிராண் புவா மேட்டில் இறங்கி மூச்சு வாங்கினோம். பனி விலகி, தூரத்தில் கடல் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தால்தானே?

"செருப்பு தோலு மிஸ்யே, விட்டுட்டேன். பெல்ட்டு தோலு, கயிறு கட்டியிருக்கேன். வாட்ச்சு வாரு தோலு, களட்டிப்புட்டேன்." மிஸ்யே என்பது நான்தான். இங்கே பள்ளிக்கூட வாத்தியாருக்கு அந்தப் பெயர். "மனுசன் உஷாரா இருக்கணும் மிஸ்யே. எங்க எது தோலுன்னு..."

பேசிக்கொண்டே சைக்கிள் சீட்டைத் தட்டினான். தட்டின கை அப்படியே நின்றது.

நல்ல கெட்டியான சீமைத் தோல்.

"ஐயோ முருகா... போன் தியே!" என்றான். கடவுளைத் தமிழில் கூப்பிடத் தொடங்கி தீவுப் பேச்சான க்ரியோலில் முடித்தான். காப்புக் கட்டின நாளிலிருந்து இதே சீட்டில்தான் ஆபீஸ் போய் வந்திருக்கிறான். விரதம் இருந்தது அவன். உட்கார்ந்த இடத்தைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

துண்டை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மாட்டானாம். "அடியில தோலு தோலுதானே?" நடந்து போகலாம் என்றேன். அபிஷேகத்துக்கு நேரமாகிவிடுமாம். ஆகவே பெடலில் எழுந்து நின்றான். நின்றவன் நின்றவன்தான்! இறக்கத்தில் குதிரைச் சவாரி போல வளைந்து நின்றான். ஏற்றத்தில் நெம்பிக்கொண்டு நின்றான். நான் சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து வந்தேன். எனக்கு விரதம் கிடையாது, கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்தச் சாலையில் அன்றைக்குப் போனது ஒரே ஒரு பஸ். செமின் கிரனியே கோவிலுக்குப் போகிற பெண்கள்தான் பஸ் முழுக்க. ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் தலைகள் நீண்டன. சமவெளியில்கூட உட்காராமல் போகும் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்கள். பஸ் வளைவில் மறைந்தது. அதற்கப்புறம் கீழே கடலோரத்துச் சுயாக் ஊர் வரைக்கும் பழையபடி ஒரே அமைதி.

நாங்கள் கோவில் வாசலில் இறங்கியபோது ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மூலம்!

ஒரு அம்மாள் வேலாயுதத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னாள். சர்தார் அவனை மண்டபத்து ஓரமாகக் கூப்பிட்டார். ரகசியம் பேசத்தான்! அவர் குரல் கரும்புக் காட்டில் பழகின குரல். கோவில் முழுக்கக் கேட்டது.

"தம்பி, வெக்கப்படாம சொல்லு. கல்யாணம் பண்றவன் மறைக்கக் கூடாது. அங்க... ஏதாச்சும் கோளாறா?"

வேலாயுதம் விழித்தான். ஆமாம் என்றால் நோயாளி மாப்பிள்ளை. இல்லை என்றால் விரதம் கெட்ட மாப்பிள்ளை. எந்தப் பக்கம் விழுந்தாலும் பார்வதி இல்லை. ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டு, நாலு நாள் கருணைக்கிழங்கு தின்றால் தீர்ந்தது. நானாக இருந்தால் இன்னொரு கரண்டி போடச் சொல்லியிருப்பேன்.

அவன் சொன்னான்: "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல மாமா. சீட்டு தோலு. இன்னிக்கித்தான் பாத்தேன். இத்தன நாளும் அதுலதான் ஒக்காந்திருந்தேன்."

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. மரியாதையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்தார் முகம் இறுகியது. "அப்ப வெரதம் கெட்டுப்போச்சு. கவாடி தூக்க முடியாது." பூத்தட்டோடு நின்ற பார்வதியின் முகம் வாடிவிட்டது. சர்தாருக்கே மனசு கேட்கவில்லையோ என்னவோ, என் பக்கம் திரும்பினார். "மிஸ்யே, நீங்க பெரிய நாட்டுலேருந்து வந்தவங்க. சாஸ்திரம் என்னா சொல்லுது?"

"சாஸ்திரத்தில் சைக்கிளே இல்லை, சர்தார்."

"தோலு இருக்குதில்ல?"

இருக்கிறது. என்ன செய்ய?

அப்போதுதான் பார்வதி வாயைத் திறந்தாள். சத்தமாகக்கூட இல்லை. இங்கே அப்பாவுக்குத்தான் பாப்பா என்று பெயர். "பாப்பா, உங்க பிசிக்லேட்டு சீட்டு என்னா?"

எல்லோரும் வெளியே பார்த்தோம். மதில் ஓரமாகச் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. விரதக்காரர்கள் அத்தனை பேரும் அதில்தான் வந்திருந்தார்கள். முதல் சைக்கிள் சர்தாருடையது; உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டு கண்ணாடி மாதிரி மின்னியது. அதற்கு அடுத்தது பூசாரியுடையது. கடைசிவரை தோல், தோல், தோல்...

அந்த மண்டபத்தில் அவ்வளவு அமைதியை நான் எந்த மலைச் சாலையிலும் கேட்டதில்லை. பூசாரி மணியைத் துடைக்க ஆரம்பித்தார். மூலத்துக்கு வைத்தியம் சொன்ன அம்மாள் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஒருத்தன் செய்தால் பாவம்; ஊரே செய்திருந்தால்? அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கிறது. சர்தார் தேடினார். மேய்ப்பவர் அல்லவா, சீக்கிரமே கண்டுபிடித்தார்.

"தம்பிக்கு மூலந்தான்" என்றார்.

"இல்ல மாமா, நாந்தான் சொல்றேனே..."

"சும்மா இரு! ஒனக்குத் தெரியாது. மூலத்துக்கு மருந்து இருக்குது." கூட்டத்தைப் பார்த்து உறுதியாகச் சொன்னார்: "பையனுக்கு மூலம். வெரதத்துக்கு ஒண்ணும் ஆகல. யாரு வெரதத்துக்கும் ஒண்ணும் ஆகல!"

"ஆமா, ஆமா" என்றது ஊர். அவ்வளவு ஒற்றுமையை இந்தத் தீவில் எந்த அரசியல் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை. பார்வதி பூத்தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தட்டு குலுங்கியது.

வேலாயுதம் கவாடி தூக்கினான். சொம்பில் கட்டின பால் திரியாமல் கோவில் வந்து சேர்ந்தது. முருகன் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். மாசியில் கல்யாணம். உண்மை பேசினதற்குப் பரிசாகப் பெண்ணும், கூடவே இல்லாத ஒரு நோயும் அவனுக்குக் கிடைத்திருக்கின்றன. நோய் ஆயுசுக்கும் போகாது.

கவாடி அன்றைக்கு இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளிலிருந்து செமின் கிரனியேயில் ஒரு ஆண்பிள்ளைகூடச் சைக்கிளில் உட்காரவில்லையாம்! கோவில் படியில் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த சர்தாரிடமே கேட்டேன். "என்ன சர்தார், நீங்களும் நின்றுகொண்டேதான் ஓட்டினீர்களாமே?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூலம், மிஸ்யே."