"கோ அண்ட் கம், மேடம்!"

நான் குமுளிக்குக் கீழே உள்ள கூடலூரில் ஜீப் ஓட்டுகிறேன். ஒருநாள் மதியம் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவரை மலையடிவாரத் திராட்சைத் தோட்டத்தில் இறக்கிவிட்டேன். படம் எடுத்துவிட்டு பஸ்ஸில் குமுளிக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். கிளம்பும்போது வெறுமனே 'போறேன்' என்று சொல்ல நமக்கு வாய் வராதே! "ஐ வில் கோ அண்ட் கம், மேடம்" என்றேன். சிரித்துத் தலையாட்டினார்.

ஆறு மணிக்கு அவர் தங்கியிருந்த குமுளி விடுதியிலிருந்து போன். அந்த அம்மா வந்து சேரவில்லை, அவருடைய செல்போனுக்கும் லைன் கிடைக்கவில்லை என்றார்கள். அந்தப் பக்கம் முந்தின நாள்தான் யானை இறங்கியிருந்தது. ஜீப்பை விரட்டினேன்.

தோட்டத்து வாசலில் டார்ச்சோடு தோட்டக்காரர் நின்றிருந்தார்.

"ஏப்பா, திரும்பி வாரேன்னு சொன்னியாம்ல? ரெண்டு பஸ்ஸு வந்தும் ஏற மாட்டேன்னுட்டாக. இங்கனயே உக்காந்திருக்காக!"

அவர் பின்னால், பையை மடியில் வைத்தபடி அந்த அம்மா. கோபமே இல்லை. "நீங்கள் வருவீர்கள் என்று தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இப்போது வெளிநாட்டவரிடம் 'பை' என்று மட்டும் சொல்கிறேன். அப்படிச் சொன்னபின் மனசு கேட்காமல், அவர்கள் பஸ் ஏறும்வரை அங்கேயே நிற்கிறேன்.