கூட்ஸ் ஷெட்டுக்குக் கூரை கேட்ட கதை

எங்கள் சங்கத்தில் சால்வை வாங்குவது என் பொறுப்பு. ரயிலில் சரக்கு வரவழைக்கும் வியாபாரிகள் சேர்ந்து வைத்திருக்கும் சின்னச் சங்கம் அது. எங்கள் பகுதி ரயில்வேயைக் கவனிக்கப் பெரிய அதிகாரி ஒருவர் உண்டு. அவர் பதவியேற்றால் ஒரு சால்வை, மாற்றலாகிப் போனால் ஒரு சால்வை. ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருந்ததால், ஆர்.எஸ்.புரத்துக் கடைக்காரர் என் ஸ்கூட்டியைப் பார்த்ததுமே, "இப்ப வந்திருக்கறாருங்களா, போறாருங்களா?" என்று கேட்பார். வரவேற்புக்கு ஒரு நிறம், வழியனுப்ப வேறு நிறம் என்று அவரே பிரித்து வைத்திருந்தார்.

நான் கிணத்துக்கடவுப் பக்கம் கோழித் தீவன மில் நடத்துகிறேன். மக்காச்சோளம் வடக்கேயிருந்து சரக்கு ரயிலில் வரும். அதை இறக்கும் இடத்துக்குக் கூட்ஸ் ஷெட் என்று பெயர். பெயர்தான் ஷெட், நீளமான சிமெண்டு மேடை, அதற்கு மேல் நேராக வானம். லாரி வரும்வரை மூட்டைகள் அங்கேதான் கிடக்க வேண்டும். தார்ப்பாய் போடுவோம், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் போடும். போன ஐப்பசி மழையில் நனைந்த சோளம் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. நல்லதென்று பார்த்துப் பொறுக்கி அரைத்ததிலும் பூஞ்சை வாடை. பண்ணைக்காரர்கள் தீவனத்தைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் திருப்பி அனுப்பும்போதுகூட மனம் நோகப் பேச மாட்டார்கள். "தீவனமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. கோழிக்குத்தான் புடிக்க மாட்டேங்குது" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டே நஷ்டக் கணக்கை எழுதி வைத்தேன். இன்னொரு மழைக்கும் இப்படியே ஆனால் மில்லைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

கூரை கேட்காமல் இல்லை. வந்த அதிகாரிகள் எல்லோரிடமும் கேட்டோம், எல்லோரும் தலையாட்டினார்கள். கோப்பு பாதி தூரம் போவதற்குள் ஆள் மாறிவிடுவார். அடுத்தவர் புதிதாக ஒரு சீர்திருத்தத்தோடு வந்து இறங்குவார். ஒருவர் மேடையோரம் பூந்தொட்டி வைத்தார். மழையில் அவை மட்டும் செழித்தன. இன்னொருவர் காலத்தில் செயலி வந்தது. நம் சரக்கு எந்த ஊரைத் தாண்டுகிறது என்று கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மழை எங்கே பெய்கிறது என்று காட்ட வேறொரு செயலி இருந்தது. இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, என் சோளம் எங்கே எப்போது நனையும் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டேன்.

இந்த நிலையில்தான் ரயில்வே சீர்திருத்தங்கள் எப்படி நடக்கின்றன என்று விசாரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கோயமுத்தூருக்கு வருவதாகச் சொன்னார்கள். சரக்கு அனுப்புகிறவர்களும் நேரில் வந்து குறைகளைச் சொல்லலாமாம். சங்கத் தலைவர், கோட்டைமேட்டுப் பருப்பு வியாபாரி பாய், நான் என்று மூன்று பேர் போவதாக முடிவானது. தலைவருக்குத் தென்னந்தோப்பும் மோட்டார் கம்பெனியும் உண்டு. அவர் அலுவலகத்தில் ஒத்திகை பார்த்தோம். தலைவர் கூரையைப் பற்றிப் பேசுவது, பாய் அதிகாரிகளை ஓயாமல் மாற்றுவதைப் பற்றிப் பேசுவது, நான் முளைத்த சோளத்தை எடுத்து மேசையில் வைப்பது. ஒத்திகையில் தலைவர் மேசையைத் தட்டிய வேகத்தைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

கூட்டம் ஒரு ஓட்டலில் நடந்தது. குழுத் தலைவர் வடக்கத்திக்காரர், இந்தியில் பேசினார். மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்தவர் வரவில்லை. பாய்க்கு இந்தி தெரிந்திருக்கும் என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. என் இங்கிலீஷோ கோபம் வந்தால் ஓடி ஒளிந்துகொள்ளும். தமிழும் இந்தியும் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான் இருந்தார்: அண்மையில் பொறுப்பேற்றிருந்த ரயில்வே அதிகாரி. தெலுங்குக்காரர், தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார். யாரைப் பற்றிக் குறை சொல்லப் போயிருந்தோமோ, அவரே அதை மொழிபெயர்க்க வேண்டும்.

அவர் நாற்காலியை எங்கள் சங்கத் தலைவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை டிபன் ஆயிற்றா என்று விசாரித்தார். காரியம் அங்கேயே கெட்டது. என்ன குறை என்று குழுத் தலைவர் கேட்டதும் எங்கள் தலைவர் கைகூப்பி எழுந்தார். "குறைன்னு ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நல்லாப் பண்றாங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து டிபன் விசாரித்த மனிதரைப் பற்றி அவர் வாயாலேயே குறை சொல்ல வைப்பதா? தலைவருக்கு அந்தப் பாவம் வேண்டாம். பாயாவது பேசுவார் என்று பார்த்தேன். வந்த அதிகாரிகள் அத்தனை பேரும் தங்கமான மனுசர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஓரத்தில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரிகள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருப்பார், வேறென்ன எழுதுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையிலிருந்து முளைத்த சோளத்தை எடுத்து வெள்ளை மேசைவிரிப்பில் கொட்டினேன். தலைவர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. அதிகாரியைப் பார்த்தே கேட்டேன்.

"ஏனுங்க சார், நீங்க மாத்தலாகிப் போறதுக்குள்ள கூரை போட்டுக் குடுத்துப்போடுவீங்களா, இல்ல உங்களுக்கும் இப்பவே வழியனுப்பற சால்வைய வாங்கி வெச்சுப்போடட்டுங்களா?"

என்ன சொன்னேன் என்று குழுத் தலைவர் அவரைக் கேட்டார். அவர் நினைத்திருந்தால் ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம். எங்களில் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார். சால்வையைத் தோளில் போர்த்துவது போலக் கையால் காட்டவும் செய்தார். மேசையே சிரித்தது. குழுத் தலைவர் சிரித்து முடித்துவிட்டு, சோளத்தில் ஒன்றை எடுத்து முளையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அதையும் அவரே எங்களுக்குத் தமிழில் சொன்னார். "எப்போ முடிப்பீங்கன்னு கேக்கறார். அடுத்த மழைக்கு முன்னாலேன்னு நான் எழுத்திலே குடுக்கணுமாம்."

திரும்பும்போது காரில் தலைவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "கொஞ்சம் பட்டுன்னு கேட்டுப்போட்டீங்க அம்மணி" என்றார் கடைசியில். கேட்காமல் வந்திருந்தால், பூட்டிக் கிடக்கும் என் மில்லில் உங்கள் தோப்புத் தேங்காயையா காயப்போடுவீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அவர் முட்டிவலியோடு அவ்வளவு தூரம் வந்தவர் என்பதால் விட்டுவிட்டேன்.

வேலை தொடங்கியது. இரும்புத் தூண்கள் எழுந்தன. மேலே தகரம் ஏறுவதற்குள், வழக்கம்போல, அந்தத் தெலுங்கு அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அடுத்தவர் வந்து பூந்தொட்டியில் ஆரம்பித்தால் என்ன செய்வது? ஆனால் எழுத்தில் கொடுத்திருந்தது அப்படியே நின்றது. குழுவிலிருந்து கேட்டுக் கேட்டு எழுதினார்களாம். புதியவர் முணுமுணுத்துக்கொண்டே முடித்துக் கொடுத்தார்.

இந்த ஐப்பசியில் என் சோளம் வந்து இறங்கிய மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. எதிரில் இருந்த லாரி தெரியவில்லை, அப்படியொரு மழை. மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தன. சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எழுத்தில் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பழைய அதிகாரிக்குப் போன் போட்டேன். இப்போது வடக்கே எங்கேயோ இருக்கிறார்.

"சத்தம் கேக்குதுங்களா சார்?" என்று கத்திவிட்டுப் போனைத் தகரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தேன். மறுபடி காதில் வைத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரல் இறங்கியது.

"இங்கேயும் ஒரு ஷெட் இருக்கு அம்மா. அதுக்கும் கூரை இல்லே. ஆனா இங்கே யாரும் என்னைக் கேக்கலே."

"கேட்டாத்தான் போடுவீங்களா சார்?" என்றேன்.