அந்தோணி அண்ணன் மன்னிக்கவில்லை

கலியபெருமாள் மாஸ்டர் போன் செய்தபோது பாபநாசம் பஸ் நிலையத்தில், கும்பகோணம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தேன். “செல்வி, நம்ம அந்தோணி போயிட்டாரும்மா” என்றார். “யாரு அடிச்சா?” என்றுதான் முதலில் கேட்டேன். மாஸ்டரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “யாரும் அடிக்கல. காலைல சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.” அவரைக் கொல்ல ஆசைப்பட்டவர்கள் டெல்டாவில் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். கடைசியில் அவர் நெஞ்சே அவரைக் கொன்றுவிட்டது. “ஏறும்மா, இல்ல இறங்கும்மா” என்று கண்டக்டர் கத்தினார். இறங்கி, அண்ணன் வீடு இருக்கும் வேளாங்கண்ணிக்குப் போக வழி தேடினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அண்ணன் படத்துக்குக் கீழே ‘மன்னிப்பின் மறு உருவம்’ என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்தது. தன் விரல்களை வெட்டியவனைக்கூடப் போலீசில் காட்டிக் கொடுக்காத மகான் என்று ஒருவர் பேசினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலில் பல் கூசியது. செத்தவருக்கு மாலை போடலாம், பொய் போடக்கூடாது. அதனால் அவரோடு மேடை ஏறியவர்களுக்கும் அவரிடம் அடி வாங்கியவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இரு தரப்பும் ஒரே ஆட்கள்தான்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் மாஸ்டர் கீபோர்டு, அந்தோணி அண்ணன் லீட் கிடார், நான் பாட்டு. நான் சேர்ந்த புதிதில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. மைக்கில் உதடு பட்டதும் கரண்ட் அடித்து மேடையிலேயே விழுந்தேன். கண் திறந்தபோது, மைக் செட்காரர் என் பக்கத்தில் விழுந்து கிடந்தார். அண்ணன் கையில் மைக் ஸ்டாண்டு வளைந்திருந்தது. அந்த ஆளின் தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. “எர்த் போட சோம்பேறித்தனப்பட்டவனுக்கு எலும்பு எதுக்கு?” என்றார் அண்ணன். நான் பயந்துபோய் அழுதேன். இனி எந்த மைக்கும் என்னைக் கடிக்காது என்ற நிம்மதியும் அந்த அழுகைக்குள் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த மனிதர் டிலே பெடல் வாங்கப் போன கதையைக் கேட்டால் வேறு ஆளோ என்று தோன்றும். வாசித்த சத்தத்தைச் சற்றுப் பிந்தி எதிரொலியாகத் திருப்பித் தரும் சின்னப் பெட்டி அது. காலால் அமுக்கினால் வேலை செய்யும், மறுபடி அமுக்கினால் நிற்கும். திருச்சியில் ஒரு கடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்தார். என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் நான் ஒரே வரியைப் பாட வேண்டும். கடைக்காரர் பெரிய டிஜிட்டல் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

“இதுல எல்லாம் இருக்குண்ணே. நீங்க வாசிச்சத அப்படியே திருப்பித் தரும்.”

“அப்படியே தந்தா எப்படிய்யா? இந்தப் புள்ள பாடுறப்ப உன் பொட்டி குறுக்க குறுக்கப் பேசுது பாரு. திருப்பிச் சொல்றவன் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொல்லணும். இல்லேன்னா அது எதிர்த்துப் பேசுறது.”

பிறகு சிகரெட் பெட்டி அளவில் ஒரு அனலாக் பெடல் வந்தது. முதல் எதிரொலி அவர் வாசித்தது போலவே இருந்தது. அடுத்தது மங்கியது. அதற்கடுத்தது பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது போலக் கேட்டது. என் குரலுக்கு வழிவிட்டு எல்லாம் பின்னால் போய்விட்டன. அதில் மூன்றே திருகுகள். எவ்வளவு பிந்தி வர வேண்டும் என்பதற்கு டைம், எத்தனை முறை வர வேண்டும் என்பதற்கு ரிப்பீட், எவ்வளவு சத்தமாக என்பதற்கு மிக்ஸ். காலால் தாளம் போட்டுக்கொண்டே டைமைப் பாட்டின் நடைக்குப் பொருத்தினார். மிக்ஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தினார். “போட்டிருக்கிறது தெரியக்கூடாது செல்வி. நிறுத்தினாத்தான் தெரியணும்.”

“பேட்டரி போட இதுல இடமில்லைண்ணே. அடாப்டர்தான்” என்றார் கடைக்காரர். மற்ற பெட்டிகளோடு சேர்த்து மாட்டினால் ஜெனரேட்டர் இரைச்சல் உள்ளே வரும் என்று இதற்கென்றே தனி அடாப்டர் எடுத்தார் அண்ணன். “பெருசுன்னா அடிதடில விட்டுட்டு ஓடணும். இது சட்டைப் பைல போயிடும்.” உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “இரும்பு மாதிரி இருக்கு. எறிஞ்சா மண்டை உடையும்.” கடைக்காரர் சிரித்தார். அடுத்த பொங்கலுக்கு வேதாரண்யத்தில், என் முந்தானையில் நோட்டுக் குத்த மேடையேறிய குடிகாரன்மேல் அதை எறிந்தார். மண்டை உடைந்தது. பெடலுக்குக் கீறல்கூட இல்லை.

அவர் மனைவி ரீட்டா அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “என்னைய அடிச்சிருக்காரு, எங்கண்ணன அடிச்சிருக்காரு. அந்தப் பொட்டியத்தான் மிதிக்கிறப்பகூட மெதுவா மிதிக்கிறாரு.” சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்காக அண்ணனிடம் சண்டை போட்டேன். கேட்டுக்கொண்டாரே தவிர, திருந்தினாரா என்று எனக்குத் தெரியாது.

விரல் போன கதைக்கு வருகிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. மிக்ஸரில் எக்கோ வேலை செய்யவில்லை. நன்றி சொல்ல வந்த ஊர்ப் பெரியவர், “எக்கோ இல்லாம நான் பேசுனா எவன் மதிப்பான்?” என்று மைக்கைத் தொட மறுத்தார். நம் ஊர்ப் பக்கம் அறிவிப்பு என்றால் எக்கோ வேண்டும், சோற்றுக்குக் குழம்பு போல. அண்ணன் முனகிக்கொண்டே தன் பெடலை மைக்குக்கு மாட்டி, ரிப்பீட்டைக் கூட்டி வைத்தார். பெரியவர், “மேலத்தெரு மண்டகப்படிக்காரர்களுக்கு நன்றி” என்றார். மேலத்தெரு, மேலத்தெரு, மேலத்தெரு என்று வயல்வெளி எங்கும் போனது. ரிப்பீட் அதிகமானால் அந்தப் பெட்டி நிற்காமல் ஊளையிடும். ஊளை கிளம்பியதும் அண்ணன் சட்டென்று காலால் அமுக்கி நிறுத்தினார். பெரியவர் அடுத்த வரியைப் படித்தார். “கீழத்தெரு மண்டகப்படிக்காரர்களுக்கு நன்றி.” அது ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

“அவனுங்க பேரு அத்தனை தடவ, எங்க பேரு ஒரு தடவையாடா?” என்று ஒரு குரல் வந்தது. அதற்குள் நாற்காலிகள் பறந்தன. பந்தல் சவுக்குக் கழிகளை உருவினார்கள். டியூப் லைட்டுகள் தலைகளில் வெடித்தன. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கினேன். அண்ணன் ஒடுங்குவாரா? மேடையேறிய முதல் ஆளின் முகத்தில் கிடாரைத் திருப்பி அடித்தார். அந்த ஆளின் பின்னால் முருகையன் என்ற கீழத்தெருப் பையன் அரிவாளோடு வந்தான். அண்ணன் இடது கையைக் குறுக்கே நீட்டினார். சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. மாஸ்டரும் நானும் அவரை வேனுக்கு இழுத்துப் போனோம். விரல்களைத் தேடி மாஸ்டர் திரும்ப ஓடினார். ஆனால் அந்த மேடையில் அதற்குள் எத்தனையோ கால்கள் மிதித்திருந்தன.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, “இருட்டு, யாருன்னு தெரியல” என்றார். இதைத்தான் மன்னிப்பு என்கிறார்கள். போலீஸ் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “உள்ள போயிட்டான்னா அவன் எனக்குக் கிடைக்க மாட்டான் செல்வி. வெளிய இருக்கட்டும். அவன் கை எனக்கு வேணும்.” நான் கெஞ்சினேன், திட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மிச்ச விரல்களால் திரும்ப வாசிக்க வைத்தது அந்தப் பெடல்தான். முன்பு பத்து ஸ்வரம் வாசித்த இடத்தில் இரண்டு வாசிப்பார். எதிரொலி வந்து இடைவெளியை நிரப்பும் நேரத்தில் விரலை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார். முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று ஊரே சொன்னது. யாராவது அப்படிச் சொன்னால் அவர் தாடை இறுகும்.

பிறகு திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் நேர வரவேற்புக் கச்சேரி. பெண் வீட்டார் மூலம் வந்த ஏற்பாடு. மாஸ்டர் மாப்பிள்ளை பெயரை விசாரிக்கவில்லை. வாசலில் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். மாப்பிள்ளை முருகையன். அண்ணன் மட்டும் அமைதியாக இருந்தார். பெடலைத் தரையில் வைத்தார், பக்கத்தில் கிடார் பையை வைத்தார். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே அரிவாளின் பிடி தெரிந்தது. அவர் முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. பாடுகிறவளை நடுப்பாட்டில் விட்டுவிட்டுப் போகிறவன் வாசிக்கிறவனே இல்லை என்பது அவர் கட்சி. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் போனதில்லை. எனவே நான் பாட்டை முடிக்கவே இல்லை. ஒரு பாட்டின் கடைசி வரியிலிருந்து அடுத்த பாட்டின் முதல் வரிக்குத் தாவினேன். மாஸ்டர் மிரண்டு போய்ச் சுருதியைத் தேடிப் பிடித்தார். அண்ணனுக்கு நான் செய்வது புரிந்துவிட்டது. “நிறுத்துடி” என்று பல்லைக் கடித்தார். நிறுத்தவில்லை. மணமேடையில் முருகையன் தன் புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு வெளிறி நின்றான். அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேல் ஸ்தாயியில் ஒரு வரியில் என் தொண்டை கிழிந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. குரல் நின்றுவிட்டது. அண்ணன் கிடாரிலிருந்து கையை எடுத்துக் குனிந்தார். கை பையை நோக்கிப் போனது. முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கை பையைத் தாண்டிப் போய் பெடலின் ரிப்பீட் திருகைப் பிடித்து மெல்லத் திருப்பியது. அவர் கடைசியாக மீட்டிய ஸ்வரம் தேயாமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஊளையாகும் முன் நிறுத்தி, அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் குனிந்தபடியே என்னைப் பார்த்தார். “மூச்சு வாங்கிக்க. பாடு” என்றார்.

பாடினேன். மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறிப் போகும்வரை அவர் வாசித்தார். பிறகு வெளியே போய் வேனின் கண்ணாடியை முஷ்டியால் உடைத்தார். ரத்தம் வடியும் கையோடு, “உன்னாலதாண்டி அவன் கையோட போறான்” என்று என்னைத் திட்டினார். அவர் சாகும்வரை அந்தக் கோபம் குறையவில்லை.

மேல் ஸ்தாயியில் என் குரல் இன்றும் அந்த இடத்தில் கிழிகிறது. சின்ன ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம் என்கிறார் டாக்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் அவனை மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை. ஆனால் நடுப்பாட்டில் என்னை விட்டுப் போகவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கிழிசல்தான்.