ஆக்ஸ்ஃபோர்டின் அடியில் ரோடு தெரிந்தது

மீஞ்சூரில் இருக்கும் அண்ணன் பழைய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். நான் விடுவேனா? அதே இங்கிலாந்து கம்பெனியின் பெரிய கார், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி, எங்கள் மீனவ ஊரான கோட்டைக்குப்பத்துக்கு ஓட்டி வந்தேன். அகலமான சீட், பளபளக்கும் பம்பர். கல்யாண வாடகைக்கு என் காரைத்தான் கேட்டார்கள். அண்ணனுடையதை அழுமூஞ்சி வண்டி என்று கேலி செய்வேன்.

காரையும் எங்கள் ஃபைபர் படகைப் போலவே பராமரித்தேன். இன்ஜினுக்கு நல்ல தண்ணீர். மற்ற இடமெல்லாம், கடலோடு கலக்கும் எங்கள் ஏரித் தண்ணீரில் கழுவுவேன்.

ஒருநாள் எளாவூர் செக்போஸ்ட்டில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் காலை ஊன்றினார். தரைத்தகடு பொத்துக்கொண்டது.

“இன்னாம்மே, ரோடு தெரியுது” என்றார். பிரேக்கை மிதித்தேன். வேகமாகப் போயிருந்தால் அவர் கால் போயிருக்கும்.

அண்ணன் வந்து அடியில் குனிந்து பார்த்தார். “ஃபைபர் துருப் புடிக்காது. இது இரும்பும்மா. உப்புத் தண்ணியிலயா கழுவுவ?” அவருடைய மைனரின் தரையைத் தட்டிப் பார்த்தேன். கிண்ணென்று இருந்தது.

இருவரும் காரை விற்றுவிடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். இப்போது அடிபம்பில் நல்ல தண்ணீர் பிடித்துத்தான் கழுவுகிறேன். முகூர்த்தத்துக்குக் கிளம்பும் முன், தரையை நானே ஓங்கி மிதிக்கிறேன். அந்த மிதியைத் தாங்கினால்தான் மணப்பெண்ணுக்குக் கதவு திறக்கும்.