நரம்புக்குத் தகடு இல்லை

போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோவில் வாசலில் ஒரு அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

"எந்த எடத்துலய்யா?"

அவர் தகடு விற்கிறவர். கண்ணில் கோளாறு என்றால் கண் அச்சடித்த மெல்லிய தகடு, காலில் என்றால் கால். வாங்கி அம்மனுக்குக் காணிக்கை போட்டுவிட்டால் அந்த இடத்தை அவள் பார்த்துக்கொள்வாள். கண், கை, கால், வயிறு என்று தட்டில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

"கால்," என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

"கையும்தான்." அதையும் எடுத்தார்.

"அப்புறம்... இடது கண் இமை. அது தினமும் இல்ல. எப்பவாச்சும் துடிக்கும்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க. பின்னாடி ஆள் நிக்கிறாக."

"நரம்புக்கு ஏதும் இருக்கா?"

"நரம்பெல்லாம் வராதுய்யா. வெளிய தெரியுற எடம்தான் அடிக்கிறாக."

நைரோபியில் பெரிய நரம்பு டாக்டரும் இதையேதான் கேட்டார். எந்த இடம்? ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். தெரிகிற இடத்தில் ஒன்றும் இல்லையாம். என்ன, அவர் இங்கிலீஷில் சொன்னார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்காக: சிவகாசியில் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டப் பழகி, கென்யாவுக்குப் போய் அதையே ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பு. பேர் மட்டும் புனைபேர். என் ரத்தத்தில் எச்.ஐ.வி. என்று ஒரு வாடகைதாரர் பல வருடமாகக் குடியிருக்கிறார். தினம் ஒரு மாத்திரை போட்டால் சத்தம் காட்டாமல் கிடப்பார். மற்ற வீடுகளில் குடியிருப்பவர் வாடகை கொடுப்பார், இங்கே வீட்டுக்காரன் நான் கொடுக்கிறேன் — அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி... வாடகைதாரர் ஒழுங்காகத்தான் இருந்தார். போன மழைக்காலத்தில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது.

மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். வலது கால் கட்டைவிரலில் ஒரு சுருசுருப்பு. வெடித் திரியைப் பற்ற வைத்தது மாதிரி. அது பாதத்தில் ஓடி, கெண்டைக்காலில் ஏறி, முழங்கால் வரைக்கும் வந்து... நின்றுவிட்டது. வெடிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு திரி, இந்தத் தடவை கையில். அப்புறம் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராத அச்சு பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. கால் ஒரு இடத்தில் இருக்கும், கால் இருப்பதாக எனக்குத் தோன்றும் இடம் கொஞ்சம் தள்ளி இருக்கும்.

நாள் பூராவும் நின்றுகொண்டே பார்க்கிற வேலை என்னுடையது. கால் போனால் வேலை போச்சு. வேலை போனால் கென்யா போச்சு.

நரம்பு டாக்டர் கேட்டார், "எரியுதா? குத்துதா? மரத்துப்போகுதா?" எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். ஃபயர் கோயிங், டாக்டர். பட் நோ பாம். ஆஸ்பத்திரியில் பாம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் கடைசியில், "உங்களுக்கு அந்த வைரஸ் இருக்கே, அங்கே போய்க் கேளுங்கள்," என்றார். வைரஸ் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். "வைரஸ் எண்ணிப் பார்க்கவே கிடைக்கவில்லை. அருமை. இது நரம்பு சமாச்சாரம், அங்கே போங்கள்." போனேன். அங்கிருந்து இங்கே. இங்கிருந்து அங்கே. எந்தக் குடோனும் இறக்கிக்கொள்ளாத லோடு மாதிரி லாரியிலேயே கிடந்தேன்.

யோசித்துப் பார்த்தால் என் நிலைமை விசித்திரமானது. ஒரு நோய்க்குப் பேர் இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது. இன்னொன்றை ஊர் பூராவும் சொல்லலாம்... பேர் இல்லை.

அந்தப் பேர் இல்லாத நோயோடுதான் லீவில் விஸ்வநத்தம் வந்தேன். என் அக்கா வீடு. அக்கா பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மச்சான் பட்டாசு லோடு ஏற்றுகிறவர். முதல் நாள் காலையில் காபித் தம்ளரைக் கீழே போட்டேன். எவர்சில்வர் தம்ளர். நெளிந்துவிட்டது. இரண்டாம் நாள் இன்னொன்று.

"ஏலே, என்னலே கை இப்படி நடுங்குது?" என்றாள் அக்கா.

"நரம்பு," என்றேன். ஒரு சொல்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் எனக்கு வைத்தியம் பார்க்கத் தெரு பூராவும் வந்துவிட்டது.

மச்சான் சொன்னார், "மாப்ள, அது வாயு. கிழங்கு திங்கறத நிறுத்து." நான் கிழங்கு தின்பதில்லை. "அப்ப தின்னு. அது இல்லாமத்தான் வந்திருக்கு."

எதிர்வீட்டு மதினி வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "கண்ணேறு. பிளேன்ல போயிட்டு வாரவுகளுக்கு வராம யாருக்கு வரும்?" என்றார். மச்சானோடு லோடு ஏற்றுகிறவர் ஒருவர் என் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, "சுகர்," என்றார். சுகர் இல்லை, டெஸ்ட் எடுத்தாச்சு என்றேன். "அங்கன உள்ள டெஸ்ட்ல எல்லாம் நம்ம ஊர் சுகர் தெரியாதுங்க."

கிண்டலாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நைரோபியில் படித்தவர்கள் எல்லாரும் 'தெரியவில்லை' என்றார்கள். எங்கள் தெருவில் தெரியாது என்று சொன்ன ஆளே இல்லை. நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? கிழங்கு தின்றாலும் வாயு, தின்னாவிட்டாலும் வாயு... எப்படியோ ஒரு பேர் கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில்தான் அது நடந்தது. அக்கா எனக்கு மட்டும் பிளாஸ்டிக் தம்ளரில் காபி கொடுத்தாள்.

பச்சைக் கலர். அவளுக்கும் மச்சானுக்கும் எவர்சில்வர். எனக்குத் தனித் தம்ளர்.

அதற்கு ஏன் பயந்தேன் என்றால்... முன்பு எங்கள் தெருவில் ஒருவருக்கு இதே வாடகைதாரர் வந்தார். லாரி டிரைவர். விஷயம் தெரிந்ததும் அவருக்கென்று ஒரு தம்ளர், ஒரு தட்டு, துணி காயப்போட ஒரு கொடி என்று தனியாக ஒதுக்கிவிட்டார்கள். சண்டையில்லை, திட்டு இல்லை. பிரியமாகத்தான் ஒதுக்கினார்கள். அவர் மாத்திரை கிடைக்காமல் செத்தாரா, அந்தத் தம்ளரைப் பார்த்துப் பார்த்துச் செத்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அக்காவிடம் நான் சொன்னதே இல்லை. உங்கள் எல்லாரிடமும் வாரா வாரம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவள் கண்ணில் படாது. அவள் வாசிப்பது தினசரிக் காலண்டரில் ராசிபலன் ஒன்றுதான். மாத்திரை பாட்டிலில்கூட வைட்டமின் என்று லேபிள் ஒட்டி வைத்திருந்தேன். பிரமாதமான லேபிள். இரண்டு கலர். நானே அச்சடித்தது.

பாட்டிலைத் திறந்து யாரிடமோ காட்டியிருக்கிறாள். அதுதான் தம்ளர் மாறியிருக்கிறது. இப்படி நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அன்றிலிருந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்கார்ந்தேன். அவளாகத் தள்ளுவதற்கு முன்னால் நாமே தள்ளிக்கொண்டால் மரியாதை அல்லவா? இந்த லட்சணத்தில்தான் வெள்ளிக்கிழமை அவள் என்னை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனாள்.

தகடுக் கடையில் முடிவெடுக்க முடியாமல் நான் வெறும் கையோடு திரும்பி வந்தபோது, அக்கா ஆற்று மணலில் நிழல் பார்த்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"தகடு எங்கலே?"

"எந்த எடம்னு கேக்காக."

"கால்னு சொல்ல வேண்டியதுதான. சரி, திங்கக்கிழமை விருதுநகர்ல நரம்பு டாக்டர்ட்ட சொல்லியிருக்கு. நானும் உள்ள வாரேன். நீ வாயத் தொறக்க மாட்ட."

டாக்டர் முதல் கேள்வியே என்ன மாத்திரை போடுகிறாய் என்றுதான் கேட்பார். வைட்டமின் என்று சொன்னால் அவர் எதையாவது எழுதிக் கொடுப்பார், அது என் மாத்திரையோடு ஒத்துப்போகாவிட்டால் வாடகைதாரர் எழுந்துகொள்வார். உண்மையைச் சொன்னால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே... பிறகு எதற்கு இந்த நாடகம்?

"அக்கா, அந்தப் பிளாஸ்டிக் தம்ளர்..."

"அதுக்கு என்ன?"

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு."

அக்காவின் கை தூக்குச்சட்டி மூடியிலேயே நின்றது. அவள் முகத்தைப் பார்த்த அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

வெளியே வந்த சொல்லை எங்கே போய் உள்ளே தள்ளுவது? மீதியையும் சொன்னேன். பல வருடமாக இருக்கிறது. மாத்திரை போடுகிறேன். ஒழுங்காகப் போட்டால் யாருக்கும் பரவாது. ஒரே தம்ளரில் குடித்தால் மாத்திரை போடாவிட்டாலும் பரவாது.

தூக்குச்சட்டியை அழுத்தி மூடிவிட்டு, "அப்ப கால்?" என்றாள்.

"அது வேற. இதுனாலயா, இல்லையான்னு டாக்டருக்கே தெரியல."

"ஒரு நோயா, ரெண்டு நோயா?"

"தெரியல."

"என்னதாம்லே தெரியும் ஒனக்கு?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தம்ளருக்கு இதுல என்ன?"

லாரி டிரைவரைச் சொன்னேன்.

"கூறுகெட்டவனே... ரெண்டு தம்ளர நெளிச்சிட்ட. மிச்சம் இருக்கது எனக்குக் கல்யாணத்துக்கு அம்மா குடுத்தது. அதக் காப்பாத்தத்தான் பிளாஸ்டிக்கு."

சொல்லிவிட்டு எழுந்தாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். பஸ்ஸுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என்னை மணலில் விட்டுவிட்டு. பின்னாலேயே போனால்... தகடுக் கடையில் நிற்கிறாள்.

"முழு ஆளு இருக்கா?"

"இருக்கும்மா. ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள், "எந்த எடம்னு என்னத்துக்குத் தேடணும்? எங்கன இருந்தாலும் இதுக்குள்ளதான இருக்கும்."

நைரோபியில் ஒரு டாக்டருக்கும் இது தோன்றவில்லை. முழு ஆளாக என்னை எடுத்துக்கொள்ள ஒரு டிபார்ட்மெண்ட்டும் அங்கே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் அவள் முதுகைப் படித்துக்கொண்டு வந்தேன். கோபமா? பயமா? வீட்டில் மச்சான், "என்ன, சாமி வரம் தரமாட்டேன்னுட்டாளா?" என்று கேட்டபோது அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை. காபி வந்தது.

அதே பச்சைப் பிளாஸ்டிக் தம்ளர்.

ஆக, இப்போது நிஜமாகவே தனித் தம்ளர்தான். நேற்று வரைக்கும் என் கற்பனை, இன்றிலிருந்து சட்டம். நானேதான் சொல்லிக்கொடுத்தேன். கை நீட்டினேன். விரலில் திரி ஓடியது.

"இரு," என்றாள் அக்கா. "சீனி போட்டனா இல்லையான்னு மறந்துபோச்சு. ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல."

என் கைக்கு வந்த தம்ளரை வாங்கினாள். எங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் தம்ளரில் வாய் வைக்க மாட்டார்கள், அண்ணாந்துதான் குடிப்பார்கள். அக்கா வாய் வைத்தாள். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. நாக்கைச் சப்புக்கொட்டினாள். பிறகு அதே தம்ளரை என் கையில் வைத்து, நடுங்காமல் இருக்க என் விரல்களைச் சுற்றி அவள் கையையும் வைத்து அழுத்தினாள்.

"போட்டிருக்கேன். குடி. திங்கக்கிழமை நான்தான் சொல்லுவேன் டாக்டர்ட்ட. அந்த வைட்டமின் லேபிள மொதல்ல கிழிச்சுப் போடு."

திங்கட்கிழமை விருதுநகர் போகிறோம். அந்த டாக்டரும் 'தெரியவில்லை' என்றுதான் சொல்வார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. சொல்லட்டும். கேட்க அக்கா பக்கத்தில் இருப்பாள்.

காபியில் சீனி சுத்தமாக இல்லை. நான் சொல்லவில்லை — எல்லா உண்மையையும் ஒரே வாரத்தில் சொல்லித் தீர்த்துவிடக் கூடாது, பாருங்கள்.