சிமெண்டுத் திருப்பத்தில் ஒரு வாளித் தண்ணீர்

பெரிய படகு ஏற்றிய ட்ரெய்லரை ஜீப்பால் பின்னால் தள்ளி ஷெட்டுக்குள் விடும் முன், அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சிமெண்டுத் திருப்பத்தில் ஊற்றுவார். படகுப் பட்டறையில் எல்லோருக்கும் அது வேடிக்கை.

"என்னண்ணே, செடி எப்போ பூக்கும்?" என்று பெயின்ட்டர் கேட்காத நாள் இல்லை.

அவர் மனைவி மட்டும் சிரித்ததில்லை. படகின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள். தண்ணீர் ஊற்றியதும் அவர் வண்டியில் ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியை 'லோ'வில் தட்டுவார். அதன்பின் வண்டி நடக்கிற ஆளைவிட மெதுவாக, ஆனால் மலையையே தள்ளும் தெம்போடு நகரும்.

பட்டறையில் அவளுக்கு 'மௌனம்' என்று பெயர். ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று கைகாட்டுவதும் அவள்தான். வாயைத் திறக்கமாட்டாள், கண்ணாடியில் அவள் கையைப் பார்த்தே அவர் ஓட்டுவார். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு, அவர் நச்சரித்து எடுக்க வைத்தது. காலி வண்டியை நகர்த்தி நிறுத்துவதோடு சரி.

அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கிளட்சை மிதிக்கக்கூடாது என்றுவிட்டார்கள். அந்த வண்டிச் சாவியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. முதலாளியின் மச்சானோ அதன்மேல் கண்ணாகவே இருந்தான்.

"என் சம்சாரம் விடுவா" என்றார் அவர், ஊன்றுகோலில் சாய்ந்தபடி.

"மௌனமா? விளையாடாதப்பா" என்று சிரித்த முதலாளி, பிறகு தாடையைச் சொறிந்தார். "சரி, அந்தப் பெரிய படகை உள்ள விடட்டும். விட்டா சாவி உங்ககிட்ட. இல்லன்னா மச்சான்கிட்ட."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஏறி உட்கார்ந்து, 'லோ'வில் போட்டாள். பின்னால் நின்று கைகாட்ட வேண்டியவர் பதற்றத்தில் கத்தித் தீர்த்தார்.

"ஸ்டியரிங்கை ஒடி, ஒடி! ஐயோ, அந்தப் பக்கம் இல்லம்மா!"

திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. டயர்கள் முனக, வண்டி உதறிக்கொண்டு நின்றது.

"ஆக்ஸிலேட்டரை மிதி!" என்றார் அவர்.

மச்சான் கையை நீட்டிக்கொண்டே வந்துவிட்டான். "இறங்குக்கா, நான் பாத்துக்கறேன்."

அவள் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனைத் தாண்டிக் குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பினாள்.

"அடடா, தண்ணி!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

'லோ'வில் நான்கு சக்கரமும் ஒரே பிடியாக இழுக்கும். காய்ந்த சிமெண்டில் வளைத்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஈரத்தில் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மழை நாளில் டயர் முனகாததை அவளே கேட்டு வைத்திருந்தாள்.

தண்ணீரை ஊற்றிவிட்டு அவரிடம் வந்தாள்.

"ஏங்க, கத்தாதீங்க. கையை மட்டும் காட்டுங்க, போதும்."

"அண்ணி பேசிட்டாங்கடா!" என்று பெயின்ட்டர் பிரஷ்ஷை மேலே தூக்கினான்.

வண்டியைச் சற்று முன்னால் எடுத்து நேராக்கி, மறுபடி பின்னால் விட்டாள். கண்ணாடியில் அவர் கை மட்டும் அசைந்தது. ட்ரெய்லர் முனகாமல் வளைந்து, தூணை உரசாமல் உள்ளே போய் நின்றது. மச்சான் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

இப்போது சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ட்ரெய்லரை அவள்தான் விடுகிறாள். அவர் முழங்கால் பாதி தேறிவிட்டது. வாளியை அவர் நிரப்பி வைக்கிறார். இன்னும் கத்தத்தான் செய்கிறார். அவள் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறாள்.