அப்பாவை அக்கரையில் ஒளித்த நாள்

இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களைப் போல மனிதர்களை நான் அப்புறம் எங்கும் பார்க்கவில்லை. சண்டை என்றால் மயிரைப் பிடித்து இழுக்கிற சண்டைதான். ஆனால் அப்பாவின் கண்ணில் புரை விழுந்து பார்வை போனபோது, லயம் முழுக்க ஒரே கட்டாக நின்று அதை மறைத்தது.

வெளியே தெரிந்தால் தோட்டத்துப் பேரேட்டிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் இல்லாதவனுக்கு அரிசியும் இல்லை, குடியிருக்கக் காம்பராவும் இல்லை. கால் வீங்கிப்போன ஒரு அம்மாளை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் "முன்னுக்கு வா" என்று கங்காணி கூப்பிட்டார். அந்த வாரமே அவள் மூட்டை கட்டினாள். தோட்டத்துத் துரைக்கும் அப்பாவின் வயதுதான் இருக்கும். அவர் கண் மங்கியபோது கொழும்பிலிருந்து கண்ணாடி வந்தது. எங்களுக்கு என்ன நோய் வந்தாலும் மருந்துக்கார ஐயா ஊற்றியது விளக்கெண்ணெய்தான். "கண்ணுக்கும் அதையே ஊத்திப்புடுவாரு" என்று அப்பா சிரிப்பார்.

பெரட்டு விடியுமுன்னே நடக்கும். அந்த இருட்டில் அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பேர் கொடுத்துவிடுவார். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனால் பக்கத்து நிரைப் பெண் பாட்டெடுப்பாள். அந்தச் சத்தத்தை வைத்து அடுத்த மரத்துக்கு நடப்பார். பழைய வெட்டை விரலால் தடவிக் கத்தியை வைப்பார். நான் பின்னாலேயே போய்ப் பால் வடியச் சிரட்டை மாட்டுவேன்.

"என்னண்ணே, மரத்தையே கட்டிப் புடிச்சிட்டீங்க?" என்று அவள் கேலி பண்ணுவாள்.

"மரம் திட்டாது தாயி. ஒங்க அண்ணி திட்டுவாளே!"

காடே சிரிக்கும். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துபோகிறது.

ஒருநாள் பெரட்டில் கங்காணி சத்தம் போட்டார். "நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. கண்ணு தெரியாதவங்க எல்லாம் முன்னுக்கு வந்து நிக்கணும்!"

'முன்னுக்கு' என்றதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கங்காணியிடம் எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

அன்று பொழுது சாய அப்பாவை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சிங்கள அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். "மல்லி, பய வென்ன எப்பா" என்று அவள் பாய் விரித்தாள். பயப்படாதே தம்பி என்று அர்த்தம். மறுநாள் டாக்டர் கேட்டபோது, "எல்லாருக்கும் நல்லாத் தெரியுதுங்க" என்று லயமே சொன்னது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் அம்மா மட்டும் டாக்டரின் வண்டியில் ஏறிப் போனாள். அப்பா தப்பித்தார் என்று அன்றைக்கு ரொட்டி சுட்டு, கருவாட்டுச் சம்பலோடு எல்லாரும் கூடித் தின்றோம். அப்படியொரு சந்தோஷம்!

கொஞ்ச நாளில் அந்த அம்மா பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாள். பீலியடியில் தண்ணீர் பிடிக்கையில் என்னைப் பார்த்து, "அடியே, நீ ஒங்கப்பன் ஜாடையாவே இருக்கியே" என்றாள். கண்ணில் இருந்த புரையை எடுத்துவிட்டார்களாம். வண்டி வந்ததே அதற்குத்தானாம். கணக்கப்பிள்ளைக்கு அது முன்னமே தெரியும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

இனிப் போய்க் கேட்டால், இத்தனை நாளும் குருடனுக்கா பேர் போட்டோம் என்று அன்றைக்கே வெட்டிவிடுவார்கள். அதனால் லயம் இந்தச் சேதியையும் அப்பாவிடம் மறைத்தது.

ஒரு சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடி அவரே கேட்டார். "கணக்கப்புள்ள அம்மாவுக்குக் கண்ணு வந்திருச்சாமே?"

அம்மா அழுதுவிட்டாள்.

"அழாத புள்ள. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. அடுத்த தரம் வண்டி வந்தா என்னைய ஒளிச்சிடாதீங்க. பேரை வெட்டுனா வெட்டிட்டுப் போகட்டும்."

அதற்குப் பிறகு ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அப்பா தடவித் தடவித் தன் பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். அரிசி வண்டிதான் போகும். அதை அவரிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.